கார் ஏற்றும் டிரெய்லரும் கயிற்றில் தொங்கிய நோட்டும்

(2025 ஜனவரி 26 அன்று நமது சமுதாயக் கூடத்தில், கொடியேற்றத்துக்குப் பின் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன வாரம் செயலாளர் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள்" என்றார். நயாகரா, சுதந்திர தேவி சிலை என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவை இரண்டையும் நான் பார்க்கவில்லை. நான் அங்கே அதிகம் பார்த்தது, பக்கத்து வீட்டு வாசலில் நின்ற ஒரு டிரெய்லரைத்தான். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என்னைத் தெரியாத புதுக் குடித்தனக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எடை, அளவு, கணக்கு, கையெழுத்து, இவை சரியாக இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதனால் பேச்சில் கொஞ்சம் எண்கள் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளும் மாப்பிள்ளையும் இருப்பது டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில். வெயிலும் புழுக்கமும் நம் சென்னையேதான். தெருவில் மனித நடமாட்டம் மட்டும் கிடையாது. காலையில் கராஜ் கதவு திறக்கும், கார் வெளியே போகும், கதவு மூடிக்கொள்ளும். மாலையில் அதே மாதிரி உள்ளே வரும். மே மாதம் போய் இறங்கி முதல் இரண்டு வாரம் நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் என் வயதுக்காரர். வாகன மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கார்களை வாங்கிச் சரிசெய்வது அவருடைய பொழுதுபோக்கு. ஓடாத காரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமே, அதற்காக ஒரு டிரெய்லர் வைத்திருந்தார். மூடு இல்லாத, பக்கச் சுவர் இல்லாத, வெறும் தட்டையான டிரெய்லர். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு. இது ஒரே ஒரு கார் மட்டும் நிற்கும் அளவு. முன்னால் பிக்-அப் வண்டியின் கொக்கிக் குண்டில் மாட்டி இழுத்துப் போவார்கள்.

அளவு சொல்கிறேன். தளம் 18 அடி நீளம், ஏறக்குறைய 7 அடி அகலம். இரண்டு அச்சு, நான்கு சக்கரம். அச்சு ஒன்றுக்கு 3,500 பவுண்டு தாங்கும், ஆக மொத்தம் 7,000 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 3,175 கிலோ. இதில் வண்டியின் சொந்த எடையே ஏறத்தாழ 900 கிலோ. அதைக் கழித்தால்தான் நாம் ஏற்றக்கூடிய சுமை. "பலரும் இந்தக் கழித்தலைச் செய்ய மறந்துவிடுகிறார்கள்" என்று அவர் சொன்னபோது, சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று பார்க்காமல் கடன் கேட்க வருபவர்கள் என் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பின்பக்கம் கார் ஏறுவதற்கு இரண்டு சாய்வுச் சட்டங்கள். வேண்டாதபோது தளத்துக்கு அடியில் தள்ளிவிடலாம். நான்கு மூலையிலும் கட்டுவதற்கு இரும்பு வளையங்கள். ஓரம் முழுக்கக் கம்பம் செருகுவதற்கான பொந்துகள். முன்னால் ஓடாத காரை இழுத்து ஏற்ற ஒரு வின்ச். வண்டி அவ்வளவுதான்.

இதை வைத்து அந்தத் தெருவே என்னென்ன செய்தது என்று கேளுங்கள்.

முதலில் தோட்ட மண். என் மகள் பின்புறத்தில் வெண்டையும் கத்தரியும் போட வேண்டும் என்றாள். மூட்டை மூட்டையாக வாங்கினால் விலை அதிகம். மொத்தமாக வாங்கினால் கொண்டுவர வண்டி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஓரப் பொந்துகளில் கட்டைகளைச் செருகி, பலகையை நிறுத்தி, தார்ப்பாயை விரித்தார். கார் டிரெய்லர் ஐந்து நிமிடத்தில் மண் வண்டி ஆனது. அங்கே மண்ணைக் கன கெஜத்தில் விற்கிறார்கள். ஒரு கன கெஜம் மண் ஏறத்தாழ ஒரு டன் வரும், நனைந்திருந்தால் அதற்கும் மேலே. பார்வைக்கு வண்டியில் பாதி இடம் காலியாக இருக்கும், எடையோ எல்லையைத் தொட்டுவிடும். அதனால் அவர் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு எடை?" என்பதுதான். "எவ்வளவு இடம்?" என்று கேட்க மாட்டார்.

அடுத்து, ஒர்க்‌ஷாப். புல்வெட்டும் வண்டியை அந்தச் சாய்வுச் சட்டத்தில் ஏற்றித் தளத்தின் மேல் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, நின்றபடியே ஆயில் மாற்றுவார். "குனிந்து வேலை செய்கிற வயதா நமக்கு?" என்பார். முழங்கால் வலிக்காரனான எனக்கு அது உடனே புரிந்தது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. வேலை இல்லாத மாலையில் அந்த டிரெய்லர் வெறுமே நிற்கும். நானும் அவரும் அதன் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொள்வோம். பிறகு எதிர்வீட்டுக்காரர் வந்தார். பிறகு என் மனைவியும் மகளும் சுண்டலோடு வந்தார்கள். திண்ணை இல்லாத ஊரில் சக்கரம் வைத்த திண்ணை கிடைத்தது. ஆனால் இதிலும் ஒரு விதி உண்டு. பிக்-அப்பிலிருந்து கழற்றிய டிரெய்லரின் பின்பக்கம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், முன்பக்கம் சீசா மாதிரி தூக்கிக்கொள்ளும். அதனால் வண்டியோடு மாட்டியிருக்கும்போதுதான் உட்கார விடுவார். கழற்றியிருந்தால் பின்பக்கம் இரண்டு முட்டு கொடுத்த பிறகுதான்.

இதைக் கேட்கும்போது உங்களில் பழைய சென்னைக்காரர்களுக்கு மீன்பாடி வண்டி ஞாபகம் வந்திருக்கும். மீன் ஏற்றச் செய்த மூன்று சக்கர வண்டி. அதில் நாம் ஏற்றாதது என்ன? பீரோ, ஐஸ் கட்டி, வாழைத்தார், கல்யாணப் பாத்திரம், சிமெண்ட். அதுவும் மூடாத வண்டிதான். கூரை இல்லாததால் உயரத்துக்குத் தடை இல்லை. சுவர் இல்லாததால் எந்தப் பக்கமிருந்தும் ஏற்றலாம். மூடிய டிரெய்லர் மழைக்கும் திருட்டுக்கும் நல்லது, ஆனால் அதன் வாசல் எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே போகும். மூடாத வண்டியில் சுமையைத் தடுக்கும் சுவர் கிடையாது, கட்டுதான் எல்லாம். அந்தக் கட்டில் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. ஊர் மாற்றிப் போகும் ஒரு குடும்பத்திடம் மாப்பிள்ளை ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின், நான்கு அட்டைப்பெட்டி புத்தகம், ஒரு மெத்தை எல்லாம் வாங்கியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பிக்-அப்பையும் டிரெய்லரையும் சேர்த்துக் கொடுத்தார். "கனமானதை அச்சுக்கு முன்னால் வையுங்கள்" என்று மட்டும் சொன்னார். அங்கே போனால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏற்றிய இடத்திலேயே, அதாவது பின்பக்கத்திலேயே, ஃபிரிட்ஜையும் மெஷினையும் புத்தகப் பெட்டிகளையும் வைத்துக் கட்டிவிட்டோம். "கட்டு இறுக்கமாகத்தானே இருக்கிறது, போதும்" என்று சொன்னவன் நான்தான்.

பெரிய சாலையில் ஏறி வேகம் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டரைத் தொட்டதும், டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. இடது, வலது, இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. பிக்-அப்பின் பின்பக்கத்தையே இழுக்கிறது. "மாமா, பின்னாடி ஆட்டுது மாமா" என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு வாய் வரவில்லை. நல்ல வேளை, அவர் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்தி, இருவரும் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, முன்னால் நகர்த்திக் கட்டினோம். அதன் பிறகு அதே வண்டி ஆடாமல் வந்தது.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கிக் குண்டின் மேல் அழுந்த வேண்டும். கனம் பின்னால் போனால் அந்த அழுத்தம் குறைந்து, வால் தலையை ஆட்டும். சுமையில் பத்துக்கு ஆறு பங்கு முன்னால், நான்கு பங்கு பின்னால் என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

கட்டும் நாடாவைப் பற்றியும் அன்று சொன்னார். அதில் இரண்டு எண் அச்சிட்டிருக்கும். ஒன்று அறுந்துபோகும் எடை, மற்றது பாதுகாப்பாகத் தாங்கும் எடை. இரண்டாவது எண் முதல் எண்ணில் மூன்றில் ஒரு பங்குதான். 10,000 என்று போட்டிருந்தால் 3,333-ஐத்தான் நம்ப வேண்டும். "கடையில் பெரிய எண்ணைக் காட்டுவார்கள், நீங்கள் சின்ன எண்ணைப் பாருங்கள்" என்றார். மெத்தை மாதிரி லேசான பொருளைத்தான் இன்னும் கவனமாகக் கட்ட வேண்டுமாம். அடியில் காற்று புகுந்தால் பறந்து பின்னால் வருபவர் மேல் விழும். கனமான பொருள்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது புதுச் செய்தி.

ஜூலை 4, அவர்கள் சுதந்திர தினம். டிரெய்லருக்குக் கொடித் துணியில் அலங்காரம். தெருக் குழந்தைகளின் சைக்கிள், ஒரு மேளம், எலுமிச்சைச் சாறு வைத்த மேஜை, எல்லாம் அதன் மேல். குழந்தைகளை மட்டும் மேலே ஏற்றவில்லை. அவர்கள் பக்கத்தில் நடந்து வந்தார்கள். வண்டி நடை வேகத்தில் ஊர்ந்தது. ஓடும் டிரெய்லரில் ஆளை ஏற்றுவதில்லை என்பதில் அவர் கண்டிப்பு.

சரியாக நாலு நாள் கழித்து, ஜூலை 8 திங்கட்கிழமை விடியற்காலை, பெரில் என்ற புயல் மாட்டகோர்டா அருகே கரையைக் கடந்து ஹூஸ்டன் பக்கம் வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. எங்கள் வீட்டில் ஆறு நாள் மின்சாரம் இல்லை. தெரு முனையில் ஒரு பெரிய ஓக் மரம் குறுக்கே விழுந்துவிட்டது. அது முட்டுச்சந்து. ஒரே வழி. எந்தக் காரும் வெளியே போக முடியாது.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். திரும்பி வரும்வரை தேவையான இன்சுலின் பேனாக்கள் ஃபிரிட்ஜில் இருந்தன. உபயோகத்தில் இருக்கும் பேனாவைப் பொதுவாக 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியில் வைக்கலாம். ஜூலை மாத ஹூஸ்டனில், ஏசி ஓடாத வீட்டில், 30 டிகிரிக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜின் குளிர்ச்சி இறங்கிக்கொண்டே வருகிறது. ஐஸ் வாங்க வேண்டும். வழியில் மரம். என் மகள் எங்கள் முன்னால் அழவில்லை, ஆனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். திறக்காதே என்று அவளிடம் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை.

காற்று அடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் மர அறுவை இயந்திரத்தோடு வெளியே வந்தார். எதிர்வீட்டிலிருந்து இன்னொருவர். மாப்பிள்ளையும் போனார். அறுத்த துண்டுகளைச் சாய்வுச் சட்டம் வழியாக வின்ச்சில் இழுத்து டிரெய்லரில் ஏற்றினார்கள். ஓடாத காரை ஏற்ற வைத்த வின்ச் அது. என்னால் தூக்க முடியாது. அதனால் சுமையை எண்ணி, முன்னால் ஆறு, பின்னால் நான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நடை. பிற்பகலுக்குள் ஒரு கார் போகும் அளவு வழி கிடைத்தது. மாப்பிள்ளை போய் வரிசையில் நின்று ஐஸ் வாங்கி வந்தார். பேனாக்களைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாதபடி பெட்டியில் வைத்தோம். இன்சுலின் உறைந்துபோனால் அதையும் பயன்படுத்தக் கூடாது. மின்சாரம் வரும்வரை தினம் ஐஸ் மாற்றினோம். மருந்து தப்பியது.

செப்டம்பர் 7 விநாயகர் சதுர்த்தி. அந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கொண்டாடின. அதே டிரெய்லர் அன்று மண்டபம். வாழைக்கன்று, மாவிலை, நடுவில் களிமண் பிள்ளையார். கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேட்டிருப்பார்? "எவ்வளவு எடை?" நான் சொன்னேன், "எங்கள் கணக்கில் எல்லா உலகமும் அவருக்குள் அடக்கம், ஆனால் தராசில் 40 கிலோ." சிரித்துக்கொண்டே கொடுத்தார். கொழுக்கட்டையை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இவ்வளவு பேர் எடுத்தும் அந்த வண்டி ஒரு நாளும் கெடவில்லை, சண்டையும் வரவில்லை. அது எப்படி என்று கவனித்தேன். அவருடைய கராஜ் பக்கச் சுவரில், கயிற்றில் கட்டி, ஒரு நோட்டு தொங்கும். பக்கத்தில் பேனா. யார் எடுத்தது, எந்தத் தேதி, என்ன சுமை, டயர் காற்று எவ்வளவு, கட்டு நாடா எத்தனை போயிற்று, எத்தனை வந்தது. திரும்பக் கொடுக்கும்போது கையெழுத்து. நாடா அறுந்திருந்தால் எழுதிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. ஜூன் மாதம் எங்கள் வாலாட்டத்தையும் மாப்பிள்ளை அதில் எழுதினார். அடுத்து எடுப்பவர் படிப்பார் அல்லவா? பணம் எதுவும் வாங்குவதில்லை. நான் பார்த்த லெட்ஜர்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

போன டிசம்பரில் என் மனைவி எங்கள் மாடி வராந்தாவில் வழுக்கி விழுந்தது பலருக்குத் தெரியும். கணுக்காலில் எலும்பு முறிவு. நம் சங்கத்திடம் ஒரு சக்கர நாற்காலி இருக்கிறது. ஒரு குடும்பம் தங்கள் பெரியவர் காலமான பிறகு நன்கொடையாகக் கொடுத்தது. அன்று அது ஸ்டோர் ரூமில் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு பேருக்குப் போன் செய்தோம். கடைசியில் இரண்டு செக்யூரிட்டித் தம்பிகள் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி, லிஃப்ட் வழியாகக் கீழே கொண்டுவந்தார்கள். வலியில் அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்று நாள் கழித்துச் சாவி கிடைத்தது. நாற்காலியில் இரண்டு டயரிலும் காற்று இல்லை.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பூட்டியவர் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பூட்டினார். போன பொதுக்குழுவில் பூட்டுங்கள் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஏணி காணாமல் போன கோபம். ஆனால் அங்கே கார் ஏற்ற வாங்கிய வண்டி பத்து வேலைக்கு உதவுகிறது. இங்கே நடக்க முடியாதவருக்கென்று வந்த நாற்காலி அந்த ஒரு வேலைக்கும் உதவவில்லை. நம்மிடம் அந்த நோட்டு இல்லை, அவ்வளவுதான்.

அதனால் மூன்று வேண்டுகோள். ஒன்று, சக்கர நாற்காலி, அலுமினிய ஏணி, சாமான் தள்ளும் டிராலி மூன்றும் ஸ்டோர் ரூமிலிருந்து செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்துக்கு வரட்டும். டிராலியில் இரண்டு கயிறும் இருக்கட்டும், லிஃப்டில் சாமான் சரிந்து கதவில் இடிப்பது நிற்கும். இரண்டு, கயிற்றில் கட்டிய ஒரு நோட்டு. எடுப்பவர் வீட்டு எண், நேரம், திரும்பிய நேரம், கையெழுத்து. உடைந்தால் உடைந்தது என்று எழுதுவோம், எழுதியவரை யாரும் கடிந்து பேச வேண்டாம். ஆபத்து நேரத்தில் நாற்காலிக்கு மட்டும் கையெழுத்து பிறகு போட்டுக்கொள்ளலாம். மூன்று, மாதம் முதல் ஞாயிறு காற்று, திருகு, கணக்கு மூன்றையும் யாராவது சரிபார்க்க வேண்டும். அந்த யாராவது நான்தான். ஓய்வு பெற்ற கிளார்க்குக்கு இதைவிட நல்ல வேலை எது?

நோட்டு நானே வாங்கி வந்திருக்கிறேன். 200 பக்கம், கட்டம் போட்டு, முதல் பக்கத்தில் தலைப்பும் எழுதிவிட்டேன். கயிறும் கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் ஆணி அடிக்க அனுமதி கொடுத்தால், லட்டு சாப்பிட்டு முடித்ததும் மாட்டிவிடலாம். ஆணி அடிக்க ஏணி வேண்டும். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.